எல்லம்மாவும் அன்னமேரியும்: 1939ல ஃபோர்டு கார்ல காபூல் போன ரெண்டு பொண்ணுங்க

போளூர்ப்பொண்ணு:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சுட்டு போயிட்டு இருந்தவ, இப்பதான் முதல் இழை போடுறேன், நீளமா போகும், டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஆன்சைட்ல சூரிச் வந்து எட்டு மாசம் ஆகுது. ரூம்மேட் ஒரு பஞ்சாபி பொண்ணு. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவ காலைல அஞ்சு மணிக்கு ஏரிக்கரைல ஓடப் போவா, நான் அப்பதான் தூங்கவே போயிருப்பேன். ஊருக்குப் போறதுன்னா எக்செல்ல ரயில் நேரம் நிமிஷக் கணக்குல போட்டு வைப்பா, நான் பையில சார்ஜர் இருக்கான்னு ரயில்ல ஏறினப்புறம் பாக்குற ஆளு. முதல் மாசம் குக்கர் விசில் சத்தத்துக்கே சண்டை. போன மாசம் என்னை இழுத்துட்டு சாண்டோலின்னு ஒரு மலை ஊருக்குப் போனா. சியேர்ல இறங்கி, விஸ்ஸுவா வழியா மஞ்சக்கலர் போஸ்ட் பஸ், ஏற்காடு கொண்டை ஊசி எல்லாம் இதுக்கு முன்னாடி நேர்ரோடுங்க, கிட்டத்தட்ட 2000 மீட்டர் உசரம். எனக்கு வாந்தி, அவளுக்கு எக்செல் தாமதம் ஆகுதுன்னு கவலை.

அங்க ஒரு சின்ன பழைய சேப்பலை மியூசியம் மாதிரி வச்சிருக்காங்க, எல்லா மையார்னு ஒரு அம்மாவுக்கு. 1903ல ஜெனீவாவுல பொறந்து, 1997ல அந்த சாண்டோலின்லயே 94 வயசுல போய்ச் சேர்ந்தவங்க. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பாய்மரப் படகு ஓட்டியிருக்காங்க, ஸ்விஸ் பனிச்சறுக்கு டீம்ல இருந்திருக்காங்க, பொண்ணுங்க ஹாக்கி வேற. 1935ல பீக்கிங்ல இருந்து காஷ்மீர் வரைக்கும் ஏழு மாசம் போனவங்க. இந்தியாவுல அஞ்சு வருஷம் இருந்தாங்கன்னு பார்த்துட்டு எங்கயாவது டெல்லி பம்பாயா இருக்கும்னு நினைச்சேன். ரூமுக்கு வந்து தேடுனா திருவண்ணாமலை! எங்க ஊர்ல இருந்து முக்கா மணி நேரம். ரமணாசிரமம். எனக்கு அழுகையே வந்துருச்சு, ஏன்னு கேக்காதீங்க, எட்டு மாசம் ஆச்சு ஊரைப் பாத்து.

சரி விஷயத்துக்கு வரேன். இவங்க திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த வழிதான் இழையோட தலைப்பு. 1939 ஜூன்ல ஜெனீவாவுல இருந்து ஒரு ஃபோர்டு கார்ல அன்னமேரி ஷ்வார்ட்சன்பாக்ங்கிற பொண்ணோட கிளம்பி காபூல் வரைக்கும் ஓட்டிட்டு போனாங்க. இவங்களுக்கு 36, அன்னமேரிக்கு 31. எல்லா, தோல் ரோம வியாபாரி பொண்ணு, உடம்பு இரும்பு, காசை எண்ணி எண்ணி செலவு பண்றவங்க. அன்னமேரி சூரிச் ஏரிக்கரை பட்டு ஆலை முதலாளி வீட்டுப் பொண்ணு, 23 வயசுல வரலாற்றுல டாக்டர் பட்டம், பத்திரிகையாளர், போட்டோகிராபர், ஆம்பளை மாதிரி கிராப்பு, பேண்ட்டு, காத்தடிச்சா விழுந்துடுற உடம்பு. முக்கியமா, மார்ஃபின்ங்கிற வலி மருந்துக்கு அடிமை. ஆஸ்பத்திரி சிகிச்சை முடிஞ்சு கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கு. வழியில தொடவே மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டுத்தான் கிளம்பியிருக்காங்க. எல்லாவுக்கு ரெண்டு நோக்கம். ஆப்கானிஸ்தான் மலை மக்களைப் பாக்கணும், கூட வர்றவளைக் காப்பாத்தணும்.

சோஃபியா, அதான் பல்கேரியா, பாதி வழி கூட வரலை, அங்கயே வாக்கு உடைஞ்சு போச்சு. அப்பவும் எல்லா திரும்பலை.

என் கேள்வி இதான். திருத்தணும்னு மனசுல வச்சுக்கிட்டு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போறது நட்பா, இல்ல வேற ஏதாவதா?

சோடா_சங்கர்:
"எல்லா திரும்பலை"ன்னு படிச்சுட்டு எல்லாரும் திரும்பலைன்னு நினைச்சு பதறிட்டேன். பேரை மாத்துங்க தாயே.

போளூர்ப்பொண்ணு:
😂 எல்லம்மான்னே வச்சுக்கலாம், எங்க பக்கம் கிராமத்துக்கு ஒரு எல்லம்மா உண்டு. அன்னமேரிக்கு மாத்த வேண்டிய அவசியமே இல்ல, வேளாங்கண்ணி பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்குற பேரு.

நாலுசக்கரம்:
கார் என்னன்னு யாருமே கேக்கலையே, வெக்கமா இருக்கு உங்களை நினைச்சா. ஃபோர்டு டீலக்ஸ் ரோட்ஸ்டர். அன்னமேரியோட அப்பா வாங்கிக் குடுத்தது. 18 குதிரைத்திறன்னு எழுதியிருப்பாங்க, அதைப் பார்த்துட்டு ஸ்கூட்டர் மாதிரின்னு நினைச்சுடாதீங்க, அது எஞ்சின் கொள்ளளவை வச்சு வரி போடுறதுக்கான கணக்கு. நிஜத்துல அந்தக் கால ஃபோர்டு வி8 எஞ்சின் அதைப்போல நாலு மடங்குக்கு மேல தரும். திறந்த வண்டி, துணிக்கூரை. ஜூலை ஆகஸ்ட்ல ஈரான் வெயில்ல துணிக்கூரை வண்டில ரெண்டு பேர், மணல்ல சக்கரம் புதைஞ்சா இறங்கி ஷவல் எடுத்து தோண்டணும். என் கேள்வி, பஞ்சர் யார் ஒட்டுனா?

போளூர்ப்பொண்ணு:
@நாலுசக்கரம் அண்ணா, நான் படிச்ச வரைக்கும் கார் விஷயத்துல அன்னமேரிதான் கில்லாடி. ஏற்கனவே ஈரான் வரைக்கும் போய் வந்தவங்க, அமெரிக்காவுல தென்மாநிலங்கள் முழுக்க ஓட்டி சுத்தி கறுப்பின மக்களையும் ஏழைத் தொழிலாளிகளையும் போட்டோ எடுத்தவங்க. ஸ்டியரிங்ல உக்காந்தா வேற ஆளாம். நோயாளின்னு நாம நினைக்குற ஆளுதான் வண்டிய ஓட்டுது, இது எனக்கு ரொம்ப பிடிச்சது.

வழி: ஸ்விட்சர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா, இஸ்தான்புல், அங்க இருந்து காரைக் கப்பல்ல ஏத்தி கருங்கடல்ல டிராப்ஸோன், அப்புறம் அராரத் மலை ஓரமா ஈரான். கும்பத்-இ-காபூஸ்னு ஒரு செங்கல் கோபுரம் பாத்தாங்க, 1006ல கட்டுனது, அதாவது நம்ம தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிட்டு இருந்த அதே காலம், 50 மீட்டருக்கு மேல. அப்புறம் மஷாத், ஹெராத். ஹெராத்ல இருந்து எல்லாரும் கந்தஹார் வழியா தெக்கால போவாங்க, இவங்க வடக்கு ரோட்டைப் பிடிச்சாங்க. கைசார்ங்கிற ஊர்ல ஒரு தோட்டத்துக்குள்ள முகத்திரை இல்லாம வீட்டுப் பொண்ணுங்களோட உக்காந்து பேசியிருக்காங்க. ஆம்பளைப் பயணிங்க யாருக்கும் கிடைக்காத இடம் அது. பாமியான்ல அந்தப் பெரிய புத்தர் சிலைகள் முன்னாடி நின்னிருக்காங்க, 55 மீட்டரும் 38 மீட்டரும். 2001 மார்ச்ல தலிபான் வெடி வச்சுத் தகர்த்தாங்களே, அதேதான்.

உண்மை_விளம்பி:
எல்லாம் சரி, அப்பன் காசுல கார், பட்டு ஆலை, டாக்டர் பட்டம். இதே நேரத்துல அந்தப் பட்டு ஆலைல தறி ஓட்டுன பொண்ணு காபூல் போயிருப்பாளா? பணக்கார வீட்டுப் பொண்ணுங்க ஊர் சுத்துனதை காவியம் ஆக்காதீங்க. அப்புறம் இந்த எல்லம்மா காபூல்ல அவளை விட்டுட்டு இந்தியா வந்துட்டாங்கதானே? போர் ஆரம்பிச்ச நேரத்துல, நோயாளியை, அந்நிய ஊர்ல. இதுக்குப் பேரு நட்பா? எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு.

போளூர்ப்பொண்ணு:
காசு விஷயம் ஒத்துக்குறேன். ஆனா அந்த வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னும் பாக்கணும் அண்ணா. அன்னமேரி அம்மாவோட அப்பா உல்ரிஷ் வில்லே, முதல் உலகப்போர்ல ஸ்விஸ் ராணுவத்துக்கே ஜெனரல். வீட்ல ஜெர்மனி பக்கம், ஹிட்லர் பக்கம் சாய்வு. பொண்ணு நேர் எதிர். நாஜிக்களுக்கு பயந்து வெளியேறுன எழுத்தாளர்கள் நடத்துன பத்திரிகைக்கு பணம் குடுத்தவங்க. வீட்டுக்குள்ளயே எதிரி மாதிரி. 1935ல டெஹ்ரான்ல ஒரு ஃபிரெஞ்சு தூதரக அதிகாரியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அதுல கிடைச்ச டிப்ளோமேட்டிக் பாஸ்போர்ட்தான் எல்லைல எல்லாம் காப்பாத்துச்சு.

காபூல்ல விட்டது பத்தி... அதான் நானும் தூங்காம யோசிச்சுட்டு இருக்கேன். போய்ச் சேர்ந்ததும் அன்னமேரிக்கு உடம்பு முடியாம போச்சு, செப்டம்பர்ல போர் வெடிச்சுது, மறுபடியும் மார்ஃபின். எல்லம்மா கைய விரிச்சுட்டாங்கன்னுதான் தோணுது. ஆனா நடுத்தெருவுல விடலை. காபூல்ல இருந்த ஃபிரெஞ்சு தொல்லியல் குழு, ஹக்கின் தம்பதி, அவங்கதான் பாத்துக்கிட்டாங்க. அன்னமேரி அவங்க குழுவோட வடக்கே குந்தூஸ் பக்கம் அகழாய்வுக்குப் போனாங்க. (அந்த ரெண்டு பேரும் 1941 பிப்ரவரியில கப்பல்ல போகும்போது டார்பிடோ பட்டு செத்துட்டாங்க, இது வேற சோகம்.)

வார்டு_அக்கா:
நான் நர்ஸ், 11 வருஷம், அதுல 4 வருஷம் போதை மறுவாழ்வு வார்டு. அதனால கொஞ்சம் நேரா பேசுறேன், கோவிச்சுக்காதீங்க.

விளம்பி தம்பி, "விட்டுட்டு வந்துட்டா"ன்னு ஈஸியா எழுதிட்டீங்க. கூட இருந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும். எங்க வார்டுக்கு வர்ற குடும்பங்கள்ல பத்துக்கு எட்டு பேர் முதல்ல சொல்ற வார்த்தை என்ன தெரியுமா, "இடம் மாத்திப் பாத்தோம் சிஸ்டர்." சித்தப்பா வீட்டுக்கு அனுப்புனோம், துபாய் அனுப்புனோம், சபரிமலைக்கு மாலை போட்டோம். ஊரு மாறும், உள்ள இருக்குற ஆளும் கூடவேதானே வண்டி ஏறி வருது. இந்த அம்மா காபூலுக்குக் கூட்டிட்டுப் போனதும் அதே கதைதான், ரூட்டு மட்டும் பெருசு.

மார்ஃபின் விட்டா ஒரு நாளுக்குள்ளயே மூக்கு ஒழுக ஆரம்பிக்கும், ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போகும், வயித்தைப் பிடுங்கும், எலும்பு எலும்பா வலிக்கும், தூக்கம் கிடையாது. ஒரு வாரம் பத்து நாள்ல உடம்பு ஓரளவு சமாதானம் ஆகும். மனசு ஆகாது. மாசக்கணக்குல வருஷக்கணக்குல அது பின்னாடியே வரும். இன்னைக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின்னு சிகிச்சை மருந்து இருக்கு, கவுன்சலிங் இருக்கு. 1939ல என்ன இருந்துச்சு? ரூம்ல அடைச்சு வச்சு நிறுத்துவாங்க, வெளிய விடுவாங்க, மறுபடி விழுந்தா "மன உறுதி இல்லை"ன்னு திட்டுவாங்க. அவ்ளோதான். இன்னொண்ணு, கொஞ்ச நாள் நிறுத்துனவங்க பழைய அளவையே மறுபடி போட்டா மூச்சு நின்னே போகும், உடம்பு தாங்குற சக்தி குறைஞ்சிருக்கும். ஆப்கானிஸ்தான் மலை ரோட்டுல அப்படி ஒண்ணு நடந்திருந்தா அந்த அம்மா என்ன பண்ணியிருப்பாங்க? அந்த பயத்தோட மூணு மாசம் பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு போயிருக்காங்க. அதையும் கொஞ்சம் எழுதுங்க.

உண்மை_விளம்பி:
சரிக்கா. நீங்க சொன்னா கேட்டுக்குறேன். காசு விஷயத்துல மட்டும் என் கருத்து மாறலை.

கிரிவலம்_கேசவன்:
நம்ம ஊரு பேரு வந்ததால ஆஜர். எல்லா மையார் ரமணாசிரமத்துல இருந்தது எங்க தாத்தா தலைமுறை ஆளுங்க பேசிக் கேட்டிருக்கேன், "பூனைக்கார வெள்ளைக்காரம்மா"ன்னு. நிஜமாவே ஒரு பூனை வளர்த்தாங்க, அந்தப் பூனையைப் பத்தியே தனியா ஒரு புத்தகம் எழுதியிருக்காங்க. ரமணர் முன்னாடி ஹால்ல போய் உக்காருவாங்க. அப்புறம் திருவனந்தபுரத்துல ஆத்மானந்தா, அதாவது கிருஷ்ண மேனன்ங்கிற வேதாந்த குரு, அவர்கிட்டயும் போனாங்க. 1945ல தான் ஊருக்குத் திரும்புனாங்க. போர் முழுக்க ஐரோப்பா எரிஞ்சுட்டு இருக்கும்போது இவங்க மலையைப் பாத்துட்டு இருந்திருக்காங்க.

என் கருத்து: அன்னமேரியைக் காப்பாத்த முடியாம போனதாலதான் அவங்க இங்க வந்தாங்க. உலகம் முழுக்க நடந்து பாத்தாச்சு, ஒலிம்பிக்ஸ் பாத்தாச்சு, பக்கத்துல உக்காந்த ஒரு பொண்ணோட வலியை ஒரு இஞ்ச் கூட நகர்த்த முடியலை. அப்ப மனுஷன் எங்க போவான்? உள்ள தான்.

சோடா_சங்கர்:
கேசவண்ணா, அது உங்க ஊர்ப் பாசம். விசா, போர், கப்பல் இல்லைன்னு ஆயிரம் காரணம் இருக்கலாம்ல.

கிரிவலம்_கேசவன்:
இருக்கலாம். ஆனா கப்பல் இல்லாதவன் எல்லாம் திருவண்ணாமலைக்கு வந்துடலையே தம்பி.

பனைநிழல்:
வணக்கம், நான் டொரண்டோவில இருந்து எழுதுறன். எனக்கு உறுத்திற விசயம் வேற. அன்னமேரி 1942இல செத்திட்டா, சைக்கிளால விழுந்து தலையில அடிபட்டு, 34 வயசு. எல்லா மையார் அந்தப் பயணத்தைப் புத்தகமா போட்டது 1947இல. அதில அன்னமேரிக்குப் பேர் "கிறிஸ்டினா". குடும்பம் கேட்டுத்தான் பேர் மாத்தினது. அதாவது செத்துப்போன சிநேகிதியின்ர போதைப் பழக்கத்தை ஊருக்கே சொல்லியாச்சு, ஆனா அவவின்ர பேர் மட்டும் இல்லை. அவவால பதில் சொல்லவும் ஏலாது. இது சரியோ? இன்னொண்டு, அன்னமேரி அதே பயணத்தைப் பற்றி சுவிஸ் பத்திரிகையளுக்கு எழுதின கட்டுரையளும் இருக்கு. அதில ஊசி மருந்து பற்றி ஒண்டும் இல்லை, கூட வந்தவவைப் பற்றியும் குறைவு. முழுக்க ரோட்டு, வெளி, வெளிச்சம், ஆப்கான் பெண்கள். ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தா ஒரே கார்ல போனவையெண்டு நம்பேலாது.

போளூர்ப்பொண்ணு:
@பனைநிழல் அக்கா (அக்காவா அண்ணாவா?) இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன். நான் இதுவரைக்கும் எல்லம்மா கண்ணு வழியாதான் கதையைப் பாத்திருக்கேன், ஏன்னா அவங்கதான் உயிரோட இருந்து எழுதுனாங்க. அன்னமேரிகிட்ட கேட்டிருந்தா "நான் காப்பாத்தப்பட வேண்டிய ஆளா வரலை, நானும் ஒரு ரிப்போர்ட்டர், நான்தான் வண்டியும் ஓட்டுனேன்"ன்னு சொல்லியிருப்பாங்களோ?

அவங்க செத்தப்புறம் கடிதம், டைரி எல்லாம் வீட்டாளுங்க நிறைய எரிச்சுட்டாங்க. மிச்சம் இருந்ததும் போட்டோக்களும் பெர்ன்ல தேசிய நூலகத்து இலக்கிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. போட்டோ ஆயிரக்கணக்குல விக்கிமீடியாவுல யார் வேணா பாக்கலாம், காசு இல்லாம. போய்ப் பாருங்க, அந்த ஃபோர்டு காரும் இருக்கு, @நாலுசக்கரம் அண்ணாவுக்கு தீபாவளி.

பனைநிழல்:
அக்காதான். 🙂

நாலுசக்கரம்:
பாத்தேன். ராத்திரி மூணு மணி வரைக்கும் பாத்தேன். வீட்ல திட்டு. முன் பம்பர் மேல தூசி அப்பிக் கிடக்கு பாருங்க, கண்ணீர் வருது.

மைலாஞ்சி:
என் கதையும் இதுல கொஞ்சம் ஒட்டும். நானும் காலேஜ்ல எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒரு பொண்ணும் வியட்நாம் போனோம். கூட வர்றதா இருந்த மத்த ரெண்டு பேர் கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டாங்க, டிக்கெட் காசு திரும்ப வராது, அதனால போனோம். நான் அஞ்சு வேளை தொழுகை, ஹலால் பாத்து சாப்பிடுறவ, அவ பாத்ததை எல்லாம் சாப்பிடுறவ. ஹனோய்ல முதல் நாள் ராத்திரி சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு தூங்கினோம். ரெண்டாம் நாள் நான் மார்க்கெட்ல பசியோட நிக்கிறேன், எதைப் பாத்தாலும் பன்னி. அவ எங்கயோ போயிட்டு அரை மணி நேரம் கழிச்சு வந்தா, கைல வாழைப்பழம், வேகவச்ச மரவள்ளிக்கிழங்கு, டோஃபு. போன்ல மொழிபெயர்ப்பு ஆப்பைக் காட்டி கடை கடையா "இதுல பன்னிக் கொழுப்பு இருக்கா"ன்னு கேட்டிருக்கா. ஒண்ணும் பேசலை, குடுத்துட்டு உக்காந்துட்டா. அன்னைக்கு அவ என்னைத் திருத்த வரலை, பசிக்குதுன்னு பாத்தா. எல்லம்மா கேஸ்ல எனக்கு அங்கதான் இடிக்குது.

வார்டு_அக்கா:
மைலாஞ்சி, அருமைம்மா. ஆனா பசிக்கு வாழைப்பழம் இருக்கு. மார்ஃபின் பசிக்கு எதை வாங்கிட்டு வர்றது? அதான் வித்தியாசம்.

மைலாஞ்சி:
ஆமாக்கா. அது தோணலை எனக்கு.

உண்மை_விளம்பி:
ஒரு விஷயம் தேடிப் பாத்தேன், சொல்லாம இருக்க முடியலை. காபூல்ல பிரிஞ்சதோட முடியலை. அன்னமேரி 1940 ஆரம்பத்துல பம்பாய்ல கப்பல் ஏறி ஐரோப்பா திரும்புறதுக்கு முன்னாடி இந்தியாவுல ரெண்டு பேரும் மறுபடி சந்திச்சிருக்காங்க. விட்டுட்டுப் போனவளைத் தேடி யாரும் வர மாட்டாங்க. அதனால என் முதல் கமெண்ட்டை வாபஸ் வாங்குறேன். காசு பத்தின பகுதி அப்படியே இருக்கட்டும்.

சோடா_சங்கர்:
விளம்பி வாபஸ் வாங்குறதை ஆறு வருஷத்துல முதல் தடவை பாக்குறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

போளூர்ப்பொண்ணு:
நேத்து சாயந்திரம் இந்த இழையை முழுசா ரூம்மேட்டுக்கு வரி வரியா மொழிபெயர்த்துப் படிச்சுக் காட்டினேன். குக்கர் மேட்டர் வந்ததும் முறைச்சா. வார்டு அக்கா எழுதினதைப் படிக்கும்போது எழுந்து ஜன்னல் பக்கம் போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு அவ அண்ணன் பத்தி சொன்னா, அவங்க ஊர்ல சிட்டா, அதான் ஹெராயின் மாதிரி போதைப்பொருள், எவ்வளவு வீட்டை அழிச்சிருக்குன்னு சொன்னா. எட்டு மாசம் ஒரே கிச்சன்ல நிக்கிறோம், அவளுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான்னே எனக்குத் தெரியாது. காலைல அஞ்சு மணிக்கு ஏன் ஓடுறான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை, அலாரத்தை நிறுத்துன்னு மட்டும்தான் கத்தியிருக்கேன். நான் என்ன சொல்றதுன்னு தெரியாம ரசம் வச்சேன். ரெண்டு டம்ளர் குடிச்சா.

அப்புறம் லேப்டாப்பை எடுத்து புது எக்செல் திறந்துட்டா. தலைப்பு "திருவண்ணாமலை". கேசவண்ணா, டிசம்பர்ல ரெண்டு பேரும் வர்றோம், ரூம் எங்க கிடைக்கும், கிரிவலம் எத்தனை மணி நேரம் ஆகும், அவளுக்கு நிமிஷக் கணக்குல வேணுமாம்.

கிரிவலம்_கேசவன்:
14 கிலோமீட்டர், நிதானமா நடந்தா நாலு மணி நேரம், உங்களை மாதிரி ஆளு கூட வந்தா அஞ்சு. செருப்பில்லாம நடக்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, எக்செல்ல அதுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கட்டும். தீபத்துக்கு வர்ற மாதிரி இருந்தா ரூம் இப்பவே பிடிக்கணும், அப்புறம் மொட்டை மாடி கூட கிடைக்காது. ஆசிரமத்துல தங்கணும்னா முன்கூட்டியே எழுதிக் கேக்கணும். தேதியைச் சொல்லுங்க, எதுக்கும் எங்க வீட்டம்மாகிட்ட சொல்லி வைக்கிறேன்.

நாலுசக்கரம்:
சூரிச்ல இருந்து கார்லயா வர்றீங்க?

போளூர்ப்பொண்ணு:
அண்ணா 🙏